பேனா தொலைந்த அகராதி

ஜப்பானில், தகாதா ஊரின் புறவழிச்சாலையில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது. அதில் ரைஸ் குக்கர்களுக்கும் காமிராக்களுக்கும் நடுவே ஒரு நீள மேசை. நான் சொல்லும் காலத்தில் அந்த மேசை முழுக்க மின் அகராதிகள்தான். எல்லாவற்றையும் திறந்து வைத்து, கம்பிச்சுருளால் மேசையோடு கட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் தொடலாம், தட்டலாம், குச்சிப்பேனாவால் திரையில் எழுதிப் பார்க்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

தியுர்மா சித்தோருஸ் என்ற பெண் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அந்த மேசைக்கு வந்தாள். பழுப்புக் கோட்டு, பின்னால் இறுக்கிக் கட்டிய முடி. வந்ததும் இடது கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றிவிடுவாள். கையின் உள்பக்கம் முழுக்க பால்பாயிண்டில் எழுதிய, ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகள். வாரம் முழுக்க, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் அறிவிப்புப் பலகையிலும் உணவு அட்டையிலும் பார்த்து, படிக்கத் தெரியாமல் உருவத்தை மட்டும் படம்போல வரைந்துகொண்டவை. அவற்றை ஒவ்வொன்றாக அகராதியின் திரையில் எழுதி, என்ன உச்சரிப்பு, என்ன பொருள் என்று பார்ப்பாள்.

தடுக்க வந்தவர்கள் யாருமில்லை. அவளுக்கே உறுத்தியது. அதனால் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடி பென்சில் பேட்டரி வாங்குவாள். கடையிலேயே மலிவான பொருள் அதுதான்.

"அக்கா, நம்ம ரூம்ல இருக்கிற பேட்டரிய வெச்சு சுரபாயாவுக்கே ஒரு ரயில் விடலாம்" என்பாள் ஏலோக். அறைத்தோழி. அதே இல்லத்தில் வேலை, ஒரு வருஷம் ஜூனியர், சுரபாயாக்காரி, வாய் சும்மா இருக்காது. "ஒரேயடியா ஒரு டிக்‌ஷனரி வாங்கிட்டா பேட்டரிக் காசு மிச்சமாகும்ல?"

"வாங்கத்தான் போறேன். பார்த்துட்டிருக்கேன்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தவங்ககூட இத்தனை தடவை போயிருக்கமாட்டாங்க."

தியுர்மா இந்தோனேசியாவில் சுமத்ராவின் பாலிகே ஊர்க்காரி. தோபா ஏரிக்கரை. நர்ஸிங் படித்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வேலை என்றால் வேலைதான், சம்பளம் பேருக்குத்தான். அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்புக்கு ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்தாள். ஒப்பந்தத்தின் விதி எளிது. மூன்று வருஷம் இல்லத்தில் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும். பிறகு ஜப்பானியர்களோடு உட்கார்ந்து, ஜப்பானிய மொழியில், பராமரிப்பாளர் தேசியத் தேர்வை எழுத வேண்டும். தேறினால் விரும்பும்வரை இங்கே இருக்கலாம். தவறினால் விமானம். தங்கை மேதானில் நர்ஸிங் படிக்கும் செலவு இவள் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு காரணம். இந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று நான் ஒருமுறை கேட்டேன். "மாசக் கடைசியில முதல் காரணம், மத்த நாள்ல ரெண்டாவது" என்றாள்.

பிப்ரவரியில் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள். பாதிகூட எடுக்கவில்லை. மாடிக்குப் பொறுப்பாளர் ஒகுரா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தவறான கேள்விகளை ஒவ்வொன்றாக வாயால் படித்துக் காட்டினார். காதால் கேட்டதும் தியுர்மா டக்டக்கென்று சரியான விடையைச் சொன்னாள்.

ஒகுரா தாளைக் கீழே வைத்தார். "உனக்கு வேலை தெரியாம இல்ல. எழுத்து தெரியல. அடுத்த ஜனவரில கேள்விய யாரும் வாயால படிச்சுக் காட்டமாட்டாங்க."

இல்லத்தில் ஒரு தடித்த எழுத்தகராதி இருந்தது. அதில் ஒரு எழுத்தைத் தேட வேண்டுமென்றால் முதலில் அதன் அடிப்படை உறுப்பு எது, மொத்தம் எத்தனை கோடு என்று எண்ண வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் வேறு பக்கத்தில் போய் நிற்போம். ஒரு எழுத்து கிடைப்பதற்குள் டீ ஆறிவிடும். கைபேசிக்குப் பணி நேரத்தில் அனுமதி இல்லை, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மாடிக்கு வர வேண்டும். மின் அகராதிக்கு மட்டும் ஒகுரா அனுமதி கொடுத்திருந்தார். ஏப்ரன் பையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதியவர் ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது எடுக்கக் கூடாது.

ஆக, ஒரு அகராதி வாங்க வேண்டும். கையிருப்பில் ஒன்றுதான் வாங்க முடியும். அது சரியானதாக இருக்க வேண்டும்.

கடையில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு செகி என்ற இளைஞர். சிவப்பு மேலங்கி, எப்போதும் பாதி குனிந்த முதுகு. ஏப்ரலில் ஒருநாள் தியுர்மா அவரிடம் நேராகப் போனாள். செகி பள்ளி மாணவர்களுக்கான ஒரு மாடலைக் காட்டினார். கையால் எழுதித் தேடலாம், எழுத்தகராதியும் உள்ளே இருக்கிறது, உறுதியானது. சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைத் திரை. தியுர்மா இத்தனை மாதமாக எழுதிப் பார்த்ததும் ஏறக்குறைய அதே வகையில்தான்.

விலையைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல். அடுத்த மாதச் சம்பளம்வரை பொறுக்கலாம் என்று திரும்பியபோது, மேசையின் கோடியில் தள்ளுபடி ஒட்டிய ஒரு பெட்டி கண்ணில் பட்டது. ஆரஞ்சுப் பெட்டி. அதன் ஓரத்தில் வரிசையாக மொழிகளின் பெயர்கள். கடைசியிலிருந்து இரண்டாவது: இந்தோனேசியம்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் மொழியின் பெயரை எந்தப் பெட்டியின்மேலும் அவள் பார்த்ததில்லை. ஆங்கிலம் இருக்கும், சீனம் இருக்கும், கொரியன் இருக்கும்.

"இதுல இந்தோனேசியம் இருக்கா?"

"இருக்குங்க."

"பேசுமா?"

"குரலோட பேசுங்க."

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. எதற்காக என்று செகியும் கேட்கவில்லை. வாடிக்கையாளரிடம் எதற்காக என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. அன்று பேட்டரி வாங்காமல் வந்தாள்.

அறையில், அடியில் சூடு வரும் போர்வை மேசைக்குள் கால் நீட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பெட்டியைப் பிரித்தார்கள். ஏலோக் பொத்தானை அழுத்தினாள். ஜகார்த்தா வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஒரு பெண்குரல் சுத்தமான இந்தோனேசியத்தில் சொன்னது: "இந்த அறையில் ஏசி வேலை செய்யவில்லை."

அடுத்தது: "கடற்கரைக்கு எப்படிப் போக வேண்டும்?"

அடுத்தது: "விலை அதிகம். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்."

ஏலோக் மெல்ல மெல்லத் திரும்பித் தோழியைப் பார்த்தாள். "அக்கா. இது நமக்கு இல்ல. இது பாலிக்கு டூர் போற ஜப்பான்காரங்களுக்கு."

தியுர்மா கருவியை வாங்கிப் "படுக்கைப்புண்" என்று தேடினாள். இல்லை. "மூட்டு" என்று தேடினாள். மூட்டு இல்லை, "மூட்டை முடிச்சு" பக்கம் வந்தது: என் சூட்கேஸ் வரவில்லை. கையால் எழுதலாம் என்று திரையைத் தொட்டாள். அதற்குப் பேனாவே கிடையாது, விசைகள் மட்டும்தான். வாசிக்கத் தெரியாத எழுத்தை எப்படி விசையில் அடிப்பது?

"இன்னும் ஒண்ணு கேக்கலாம் இருங்க" என்று ஏலோக் மறுபடி அழுத்தினாள். "காரம் போடாதீர்கள்" என்றது குரல். ஏலோக் போர்வைக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தாள். மிளகாய்ச் சம்பல் விழுதைக் கொஞ்சம் கூடவே போட்டாள்.

மறுநாள் தியுர்மா கடைக்குப் போனாள். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கடையின் விதி. செகி இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளும் குனிந்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததுதான் மிச்சம்.

ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, பையில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். அங்கே அதற்கு ஒரு ரசிகர் கிடைத்தார்.

ஹிராஇவா பழைய பஸ் டிரைவர். மலைப்பாதையில் பனியில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை. குளிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். தியுர்மா தள்ளுநாற்காலியைக் கொண்டு நிறுத்தினாள்.

"ஹிராஇவா சான், தண்ணி ரெடி." சான் என்பது இங்கே பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதைச் சொல்.

"நேத்துதானே குளிச்சேன்."

"நேத்து குளிச்சது பக்கத்து ரூம்காரர்."

"எனக்குப் பதிலா அவர் குளிச்சா போதாதா?" என்றவர், அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த கருவியை இடது கையால் உருவினார். எதையோ அழுத்தினார். குரல் சொன்னது: விலை அதிகம். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். "என்ன சொல்லுது?"

அவள் ஜப்பானியத்தில் சொன்னாள்.

"பாத்தியா! உங்க ஊர்ப் பொண்ணே என் பக்கம். குறைச்சுக்கோ. தலைக்கு மட்டும் ஊத்தாதே."

அன்றிலிருந்து குளியல் பேரம் பேசித்தான் நடந்தது. ஞாயிறு தோறும் அவரைப் பார்க்க வரும் மருமகள் தாமாயோ இதைக் கண்டு சிரித்தார். பிறகு, இப்படி ஒரு கருவி ஏன் இவளிடம் இருக்கிறது என்று விசாரித்தார். தியுர்மா மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் தாமாயோவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு துணிமுடிச்சோடு வந்தார். பொறுப்பாளர் அறையில் ஒகுராவின் முன்னால் அதை வைத்து அவிழ்த்தார். உள்ளே பச்சரிசிப் பணியாரப் பெட்டி ஒன்று, அதன்மேல் ஒரு மின் அகராதி. மகன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தது. ஊரில் எந்த வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாலும் இப்படி ஒன்று தூங்கும். பிள்ளை பள்ளியில் சேரும்போது வாங்குவார்கள், பிள்ளை ஒரு மாதம் பயன்படுத்துவான், அப்புறம் அது இழுப்பறைக்குப் போய்விடும். தாமாயோவின் மகன் இப்போது நகோயாவில் வேலையில் இருக்கிறான்.

"எழுத்தகராதி உள்ளேயே இருக்கு. கையால எழுதித் தேடலாம். தியுர்மா சானுக்கு உதவுமேன்னு."

ஒகுரா இரண்டு கையாலும் முடிச்சை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். "மனசை மட்டும் வாங்கிக்கிறோம்."

"பழசுதான். குப்பைக்குப் போறதுதான்."

"மனசு போதும்."

"ஒரு யென்னுக்கும் போகாதுங்க இது."

"தாமாயோ சான், வீட்டுக்காரங்ககிட்ட ஒரு மிட்டாய்கூட வாங்கக் கூடாதுன்னு இங்க விதி. ஒருத்தர்கிட்ட வாங்கினா, வாங்காத வீட்டுப் பெரியவரை நாங்க சரியா கவனிக்கலையோன்னு அந்த வீட்ல தோணும். அது தோணக் கூடாது."

"அப்போ இல்லத்துக்கு நன்கொடையா?"

"அப்போ அது இல்லத்தோட சொத்து. எண் ஒட்டி அலமாரில பூட்டணும். ராத்திரி ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்க முடியாது."

தியுர்மா கதவோரம் டீத்தட்டோடு நின்றிருந்தாள். மேசையில் இருப்பது சாம்பல் நிறக் கருவி, அவள் மாதக்கணக்காக எழுதிப் பழகிய வகை. அது ஒருமுறை முன்னால் வந்தது, ஒருமுறை பின்னால் போனது. மூன்றாவது தடவை தாமாயோ அதை முடிச்சுக்குள் கட்டினார். பணியாரத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார். கோபம் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் இங்கே இப்படித்தான் நடக்கும். தியுர்மா டீயை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

சில நாள் கழித்து, ஞாயிறு இல்லாத ஒரு நாளில், தாமாயோ வந்தார். மாமனாருக்கு உள்ளாடை கொண்டுவந்தாராம். நடைவழியில் தியுர்மா போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள், ஒகுரா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தாமாயோ யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"நேத்து இழுப்பறையெல்லாம் சுத்தம் பண்ணினேன். வேண்டாத சாமானை ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற பழைய பொருள் கடையில வித்துட்டேன்."

தியுர்மா மரியாதையாகத் தலையாட்டினாள். "அப்படியா. வீடு பளிச்சுன்னு இருக்கும்."

"ஆமா. பளிச்சுன்னுதான் இருக்கு." தாமாயோ ஒகுராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒகுரா தொண்டையைச் செருமினார். "நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமாங்க."

"வெளிய போவியா?"

"துணி துவைக்கணும்."

"ஸ்டேஷன் பக்கமெல்லாம் நீ போறதே இல்ல போல."

"மழை வரும்னு சொன்னாங்க."

"குடை இருக்கும்ல?"

"கம்பி உடைஞ்சுபோச்சு, ஒகுரா சான்."

"கடைங்களெல்லாம் காலையில சீக்கிரமே திறந்துடுறாங்க இப்பல்லாம்."

"கஷ்டம்தான் அவங்களுக்கு."

ஒகுரா வண்டியை நிறுத்தினார். அந்த இல்லத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் நேரடியாக 'இதைச் செய்' என்று சொன்னதில்லை. சன்னல் திறந்திருந்தால் "காற்று வருதே" என்பார், யாராவது மூடுவார்கள். அதுதான் அவர் முறை. அன்று அந்த முறை முறிந்தது.

"ஏம்மா! போய் வாங்கு!"

"குடையா?"

"அகராதி!" நடைவழிக் கோடியில் ஹிராஇவா கண் விழித்துப் பார்க்குமளவுக்குச் சத்தம். ஒகுரா சட்டென்று குரலை இறக்கினார். "கடையில இருக்கிறது யார் வேணும்னாலும் வாங்கலாம். அது யார் வீட்ல இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொல்லாதே." வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். காது சிவந்திருந்தது.

மறுநாள் மழைதான். ஏலோக்கின் குடையை வாங்கிக்கொண்டு, கூரை போட்ட நடைபாதை வழியாகவே ஸ்டேஷன்வரை போனாள். பையில் ஆரஞ்சுப் பெட்டியும் இருந்தது.

பழைய பொருள் கடைக்காரர் இகராஷி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. ஆரஞ்சுக் கருவியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு. அவள் பேரம் பேசவில்லை. பேரத்துக்கு அந்தக் கருவியைத்தான் பேசவைத்திருக்க வேண்டும் என்று பிறகு ஏலோக் சொன்னாள்.

கண்ணாடி அலமாரியில் அகராதிகள் வரிசையாக இருந்தன. சாம்பல் கருவியைக் காணவில்லை. வரிசையின் நடுவில் ஒன்று, வண்ணத்திரை, கீறல் இல்லை, ஒரு மாத உத்தரவாதம், அவள் கையிலிருந்த தொகைக்குள் விலை.

"அது நல்ல சாமான்" என்றார் இகராஷி. "இங்கிலீஷ் பேசும். திரையைப் பாருங்க, டிவி மாதிரி."

"கையால எழுதலாமா?"

"அது மட்டும் முடியாது. ஆனா கலர்."

தியுர்மா அதைக் கையில் வாங்கினாள். திரை உண்மையிலேயே அழகு. ஒருமுறை பெட்டியின் மேலிருந்த எழுத்தைப் பார்த்து ஏமாந்தவள். திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து, முந்தாநேத்து வந்தது வேற ஏதாவது?"

இகராஷி மோவாயை நீட்டித் தரையைக் காட்டினார். நீலப் பிளாஸ்டிக் கூடைகள். உடைந்த ரிமோட்கள், வயர்கள், ஒற்றைச் செருப்பு மாதிரி ஜோடி இழந்த ஒலிபெருக்கிகள். ஒவ்வொரு கூடையிலும் "ஜங்க்" என்று சீட்டு. "அதுல உத்தரவாதம் கிடையாது, திருப்பி எடுக்கமாட்டேன். வாங்கினவங்க அழக் கூடாது, அதுதான் சட்டம்."

இரண்டாவது கூடையின் அடியில் கிடந்தது. சாம்பல் நிறம். மூடியின் உள்பக்கம் பள்ளிக்கூடப் பெயர்ச்சீட்டு, பாதி உரித்திருந்தார்கள். மீதிப் பாதியில் 'இவா' என்பது மட்டும் தெரிந்தது.

"இது ஏன் ஜங்க்?"

"பேனா இல்ல. பேனா செருகுற இடம் காலி. பேனா இல்லாத மெஷினை இங்க யாரும் வாங்கமாட்டாங்க. பேட்டரியும் இல்ல, உயிரோட இருக்கான்னு நான் பார்க்கல."

தியுர்மா கைப்பையைத் திறந்தாள். பேட்டரி இருந்தது. இகராஷி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கைப்பைக்குள் மூன்று நான்கு ஜோடி.

"வியாபாரமா?"

"இல்ல. பழக்கம்."

திரை விழித்துக்கொண்டது. ஓரத்தில் ஒரு கீறல், எழுதும் இடத்தில் இல்லை. அவள் சட்டைக் கையை ஏற்றினாள். அந்த வாரத்து எழுத்துகளில் முதலாவது, பலகையில் சிவப்பு மையால் எழுதியிருந்தது, கேட்டால் சொல்லிவிடுவார்கள், ஆனால் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்திருந்தது. பால்பாயிண்டின் மூடியைத் திருப்பிப் பிடித்து, அதன் மொட்டை முனையால் திரையில் எழுதினாள். நிறையக் கோடுகள். இடது பக்கம் துணி. வலது பக்கம் என்னவென்று தெரியாத ஒரு கூட்டம். கடைசிக் கோடு விழுந்ததும் கருவி ஒரு நொடி யோசித்தது.

மெத்தை. படுக்கை. கீழே அதை வைத்து வரும் சொற்கள். மூன்றாவதாக, படுக்கைப்புண்.

வலது பக்கத்தை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தாள். அவமானம் என்றது அகராதி.

பாலிகே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் படுக்கைப்புண்ணைக் கண்டால் நோயாளியைத் திட்டமாட்டார். தாதிகளை வரிசையாக நிற்கவைத்து, இது உங்கள் முகத்தில் வந்த புண் என்பார். மருத்துவ வார்த்தை எத்தனையோ மனப்பாடம் செய்து மறந்திருக்கிறாள். இந்த எழுத்து மட்டும் இனி மறக்காது என்று அந்தக் கூடைக்குப் பக்கத்தில் குந்தியபடியே அவளுக்குத் தெரிந்தது.

"வேலை செய்யுதே!" என்றார் இகராஷி, தன் கடைச் சாமானே தன்னை ஏமாற்றிவிட்ட வருத்தத்தோடு. ஆனால் சீட்டில் போட்ட விலையை மாற்றவில்லை. ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் விலை.

"ரசீது வேணும்" என்றாள் தியுர்மா.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

மறுநாள் மாடியில் அவள் ஏப்ரன் பை புடைத்திருந்ததை ஒகுரா கவனித்தார்.

"புதுசா?"

"கடையில வாங்கினேன்."

"ரசீது?"

"இருக்கு."

"அப்போ சரி" என்று நகர்ந்துவிட்டார்.

ஞாயிறு வந்த தாமாயோவும் பார்த்தார். உணவுக்குச்சி ஒன்றின் நுனியைச் சீவிப் பேனாவாக்கி, அவள் திரையில் எழுதிக்கொண்டிருந்தாள். "அடடே, நல்ல மெஷினா இருக்கே. எங்க வீட்லகூட முன்ன இப்படி ஒண்ணு இருந்துச்சு."

இந்தத் தடவை தியுர்மாவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்படியா?" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தாமாயோ வாயைப் பொத்திக்கொண்டு மாமனார் அறைக்குள் போனார்.

ஹிராஇவாவுக்கு மட்டும் வருத்தம். "அந்தப் பொண்ணு எங்க? பேரம் பேசுறவ?"

"ஊருக்குப் போயிட்டா, ஹிராஇவா சான்."

"இது பேசாதா?"

"எழுதிக் கேட்டாத்தான் பதில் சொல்லும்."

"அப்போ இது என் பொண்டாட்டி மாதிரி" என்றார்.

கோடை போனது. கையில் எழுதுவதை அவள் நிறுத்தினாள். பலகைக்கு முன்னால் நின்று அங்கேயே தேடினாள். ஒரு எழுத்து தெரிந்ததும் அதை உடைத்து, பாதியைத் தனியாகத் தேடுவது வழக்கமாயிற்று. ஏலோக் வெளியே போகலாம் என்று கூப்பிட்டால், "இன்னும் அரை எழுத்து" என்பாள். இலையுதிர் காலத்து மாதிரித் தேர்வில் ஒகுரா வாயால் படித்துக் காட்டவில்லை. தாளைத் திருத்தி, மதிப்பெண் போட்டு, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாதது நல்லது என்பது இப்போது தியுர்மாவுக்குப் புரியும். ஆனால் நிச்சயம் என்று சொல்லக்கூடிய அளவும் இல்லை. எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால்.

ஜனவரியில் பனி கொட்டிய நாளில் தேர்வெழுதப் போனாள். தேர்வறைக்குள் அகராதி கூடாது. பைக்குள் அணைத்து வைத்தாள். திரும்பி வந்தவளிடம் ஏலோக் எப்படி என்று கேட்டாள். "படிச்சேன்" என்றாள். "எல்லாத்தையும் படிச்சேன். பதில்தான் தெரியல எதெது சரின்னு." பிறகு மார்ச் கடைசிவரை அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. தங்கைக்கு மட்டும், ஏப்ரல் மாதப் பணம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என எழுதினாள்.

முடிவு வந்தது ஒரு மதிய நேரம். மாடியில் சாப்பாட்டு வேளை. தியுர்மா ஹிராஇவாவுக்கு மசித்த பூசணி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒகுரா அலுவலகக் கணினியிலிருந்து எழுந்து படியேறி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நிழல் மேசையில் விழுந்தது. யார் என்று தியுர்மாவுக்குத் தெரிந்துவிட்டது, எதற்கு என்றும். அவள் திரும்பவில்லை. வாயில் உணவு இருக்கும் மனிதரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, புரையேறிவிடும். ஒகுராவும் பேசவில்லை. புதிதாக வரும் எல்லோருக்கும் அந்தப் பாடத்தைச் சொல்பவர் அவர்தான்.

ஹிராஇவா நிதானமாக மென்றார். பனிப்பாதையில் பஸ் ஓட்டியவர், எதிலும் அவசரம் கிடையாது. தொண்டைக்குழி ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கியது. இன்னொருமுறை. வாயைத் திறந்து காட்டினார், காலி.

"தேறினவங்க பட்டியல்ல உன் நம்பர் இருக்கு" என்றார் ஒகுரா, பின்னாலிருந்து.

தியுர்மா கரண்டியைத் தட்டில் வைத்தாள். கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தி, விரலில் பூசணி இருந்ததால் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன நம்பர்?" என்றார் ஹிராஇவா. "லாட்டரியா?"

"ஆமா, ஹிராஇவா சான்."

"எவ்வளவு விழுந்துது?"

"இங்கேயே இருக்கலாமாம்."

ஹிராஇவா கொஞ்ச நேரம் அதை எடைபோட்டார். "அவ்வளவுதானா?" என்றுவிட்டு, அடுத்த வாய்க்குத் திறந்தார்.